பிலிப்பைன் நாட்டு விழா விருந்தும் மூட்டுநோயாளரும்

வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கு ஒரு பேறு உண்டு. பிறந்த ஊரிலேயே இருந்திருந்தால் நம் வீட்டுப் பொங்கலும் தீபாவளியுமே நாம் அறிந்த பண்டிகைகளாக இருந்திருக்கும். தலைநகரில் அரசாங்க அலுவலில் அமர்ந்து, பல நாட்டினரும் பல மொழியினரும் கூடிவாழும் அடுக்கு வீடுகளில் குடிபுகுந்த பின்னர், அண்டை வீட்டாரின் பண்டிகைகளும் ஓரளவு நம்முடையவை ஆகிவிட்டன. அவ்வாறு நமக்கு வாய்த்தவற்றுள் ஒன்று பிலிப்பைன் நாட்டுக் கிறிஸ்துமஸ்.

நம் வீட்டுக்கு மேல்தளத்தில் ஒரு பிலிப்பைன் குடும்பத்தார் சில ஆண்டுகள் வசித்தனர். கணவர் லூசோன் தீவிலுள்ள பம்பங்கா மாகாணத்தினர். மனைவி செபுத் தீவினர். அந்த அம்மையாரின் தந்தையார் கப்பலில் எந்திரப் பணி புரிந்து ஓய்வு பெற்றவர்; ஆண்டிறுதியை மகளுடன் கழிக்க வந்துவிடுவார். பேரக் குழந்தைகள் அவரை 'லோலோ' என்று அழைப்பர். தாத்தா என்பது பொருள். நாமும் அவ்வாறே அழைக்கலானோம்.

முதல் ஆண்டு, டிசம்பர் 24-ஆம் நாள் நள்ளிரவு விருந்துக்கு நம்மை அழைத்திருந்தனர். மேசை கொள்ளாத பதார்த்தங்கள். லோலோ மட்டும் அறையின் மூலையில், வலக்காலை ஒரு முக்காலியின்மேல் நீட்டியபடி, இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு குவளைப் பாலும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். காற்பெருவிரலின் அடிமூட்டு நெருப்பெனச் சிவந்து வீங்கியிருந்தது. போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்க முடியாத வலி என்றார். "இந்த மேசையில் எனக்குரியது ஒன்றுமில்லை" என்றும் சொன்னார். அவர் சொன்னது முக்காற்பங்கு தவறு என்பது அன்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பின்னர்ப் படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே இங்கு எடுத்துரைக்கிறோம்.

இந்நோயை ஆங்கில மருத்துவர் 'கௌட்' என்பர். நம் நாட்டு வைத்திய நூல்களிற் கூறப்படும் வாதரத்தத்தோடு இதனை ஒப்பிடுவாரும் உளர். இதற்கு மூலம் குருதியில் மிகும் யூரிக் அமிலம். யூரிக் அமிலத்திற்கு மூலம் பியூரின் என்னும் பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், பியூரினுக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் தேடிப் பல நாள் அலைந்தோம். கிடைத்தவை யாவும் மூலத்தைவிடக் கடினமாக இருந்தமையால் பியூரின் என்றே எழுதுகிறோம். உயிருள்ள ஒவ்வோர் அணுவின் உட்கருவிலும், மரபுப் பண்புகளைத் தாங்கும் அமிலத்தின் ஓர் உறுப்பாகப் பியூரின் உள்ளது. ஆதலின் அணுக்கள் நெருங்கிச் செறிந்த உணவில் அது மிகுதி. அணுச்செறிவு குன்றிய உணவிற் குறைவு. ஈரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளில் ஏன் மிகுதி, பாலிலும் முட்டையிலும் ஏன் ஏறத்தாழ இல்லை என்பதற்கு இதுவே விடை. கோழி முட்டை எவ்வளவு பெரிதாயினும், அணுக்கணக்கில் அது மிகச் சிறியதன்றோ!

பியூரின் சிதைந்து கடைசியில் யூரிக் அமிலமாக நிற்கிறது. பாலூட்டி விலங்குகள் பலவற்றிற்கு அதனை மேலும் சிதைத்துக் கரையச் செய்யும் நொதி ஒன்று உண்டு. மனிதனுக்கு அது இல்லை; வாலில்லாக் குரங்கினத்து முன்னோர் காலத்திலேயே அதனை இழந்துவிட்டோம். எனவே பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். எஞ்சியதைக் குடல் வெளியேற்றும். அவ்வாறு வெளியேறாது தேங்கி, குருதியில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்னும் அளவைக் கடக்குமாயின், யூரிக் அமிலம் கரைந்து நிற்கும் ஆற்றலை இழந்து நுண்ணிய ஊசிகள்போற் படிகமாகும். உடலின் குளிர்ந்த மூலையாகிய காற்பெருவிரல் மூட்டு அப்படிகங்களுக்கு உகந்த இடம். ஒருநாள் உடலின் காவற்படை அவற்றைப் பகையெனக் கண்டு பாயும். அந்தப் போரே நாம் கண்ட சிவப்பும் வீக்கமும் வலியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம் உடலின் அணுக்கள் தேய்ந்து புதுப்பிக்கப்படுவதால் வருவது; உணவால் வருவது மூன்றில் ஒரு பங்குதான். ஆதலின் இது பெருந்தீனிக்காரன் நோய், செல்வன் நோய் என்று எள்ளி நகைப்பது அநியாயம். சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றும் என்பது பெரும்பாலும் பிறவியில் அமைவது. பிலிப்பைன் மக்களைப் பற்றி இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1960-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள், அங்குக் குடியேறிய பிலிப்பைன் ஆடவரின் குருதியையும் தாய்நாட்டிலேயே வாழ்வோரின் குருதியையும் ஒப்பிட்டனர். தாய்நாட்டாருக்கு யூரிக் அமிலம் இயல்பான அளவில் இருந்தது, குடியேறியோருக்கு உயர்ந்திருந்தது. இரு சாராருக்கும் இரத்தம் ஒன்றே, சிறுநீரகமும் ஒரே வகையினதே. சோறும் காய்கறியும் சிறிது மீனும் உண்ட காலத்தில் அச்சிறுநீரகம் தன் வேலையைச் செவ்வனே செய்தது. நாள்தோறும் இறைச்சி என்றானபோது, அதன் குறை வெளிப்பட்டது. ஊர் மாறினால் உணவு மாறும், உணவு மாறினால் உடலிலே உறங்கிக் கிடந்தது விழிக்கும் என்பது, பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்த நமக்கும் புதிய செய்தியன்று. சர்க்கரை வியாதியின் வாயிலாக அதனைக் கற்றவர் நம்மிற் பலர்.

இனி விருந்துக்கு வருவோம். பிலிப்பைன் நாட்டிற் கிறிஸ்துமஸ் ஒருநாள் விழாவன்று. செப்டம்பர் பிறந்ததுமே கடைவீதிகளில் அதற்கான பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். டிசம்பர் 16-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை ஒன்பது நாள் விடியற்காலை வழிபாடு நடக்கும்; இதற்குச் 'சிம்பாங் கபி' என்று பெயர். உழவர் வயலுக்குச் செல்லுமுன் தொழுது செல்ல ஏற்பட்ட வழக்கம் என்பர். நம் மார்கழி விடியற்காலைத் திருப்பாவையும் வெண்பொங்கலும் நேயர்களுக்கு நினைவு வரலாம், நமக்கும் வந்தது. அங்கும் வழிபாடு முடிந்து வெளிவருவோரைக் கோயில் வாயிலில் சூடான பலகாரக் கடைகள் எதிர்கொள்கின்றன.

அப்பலகாரங்களில் ஒன்றின் பெயர் 'புதோ பும்போங்'. ஊதா நிறமுள்ள ஒட்டரிசி மாவை மூங்கிற் குழாயில் அடைத்து, ஆவியில் வேகவைத்துத் தட்டி எடுத்து, வெண்ணெய் தடவி, தேங்காய்த்துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவி, வாழையிலையில் வைத்துத் தருவர். இந்த வருணனையைக் கேட்டதும் குழாய்ப்புட்டு என்று நாம் கூவிவிட்டோம். கூவியதிற் பிழையில்லை. பும்போங் என்பது மூங்கிற்குழாய். புதோ என்பதோ மலாய் மொழியின் வழியாகச் சென்ற நம் 'புட்டு' என்றே சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். முருங்கையை அவர்கள் 'மலுங்கை' என்பர். மாம்பழத்தை 'மங்கா' என்பர். இவையும் தமிழ்க் கரையிலிருந்து கப்பலேறிப் போன சொற்களாகவே கருதப்படுகின்றன. கடல் கடந்து குடியேறிய தமிழருள் சொற்களே மூத்தவை போலும்.

மற்றொரு பலகாரம் 'பிபிங்கா'. அரிசி மாவைத் தேங்காய்ப்பாலிற் கரைத்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, கீழும் தணல் மேலும் தணலாகச் சுடுவர். மேலே உப்பிட்ட முட்டையும், எருமைப்பாலால் ஆன வெண்பாற்கட்டியும், தேங்காய்த்துருவலும் இடுவர். குடிக்கச் 'சலாபாத்' என்னும் இஞ்சிக் கஷாயம். அல்லது கெட்டியான கோக்கோ பானம்.

லோலோவின் கண்கொண்டு இவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். அரிசி, தேங்காய், பால், முட்டை, வெல்லம், இஞ்சி: பியூரின் ஒன்றிலேனும் மிகுதியில்லை. 100 கிராம் வெள்ளரிசியில் சுமார் 25 மில்லிகிராம்; பாலிலும் முட்டையிலும் அதுவும் இல்லை. பழைய புத்தகங்கள் சில, காப்பி, தேயிலை, கோக்கோ மூன்றையும் இந்நோயாளருக்கு விலக்கின. அவற்றிலுள்ள ஊக்கப்பொருள்கள் பியூரின் குலத்தைச் சேர்ந்தவை என்பது மெய்யே. ஆயினும் உடல் அவற்றை யூரிக் அமிலமாக மாற்றுவதில்லை என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே ஒன்பது நாள் விடியற்காலைப் பலகாரமும் லோலோவுக்கு உரியவையாகவே இருந்தன. அவரோ, விருந்தன்று நன்றாக உண்ண வேண்டும் என்று கருதி, முந்திய மூன்று நாள் ஏறக்குறையப் பட்டினி கிடந்திருக்கிறார்! கடும் பட்டினியும் நீர் குறைதலும் யூரிக் அமிலத்தை உயர்த்தும். அதனாலேயே வலி கிளம்புவதுண்டு. நோன்பிருந்து இடம் பண்ணியது அவருடைய முதற்பிழை.

'நோச்சே புவேனா' எனப்படும் நள்ளிரவு விருந்தில்தான் மெய்யான சோதனை இருக்கிறது. சைவ உணவினராகிய நேயர்கள் இனி வரும் சில பத்திகளைப் பொறுத்தருள வேண்டும். பிலிப்பைன் விருந்தைப் பன்றி இறைச்சி இன்றிப் பேசுவது, திருநெல்வேலியை அல்வா இன்றிப் பேசுவது போலாகும்.

விருந்தின் அரசன் 'லெச்சோன்'. முழுப் பன்றியை, வயிற்றில் பூண்டும் வெங்காயத்தாளும் எலுமிச்சைப்புல்லும் அடைத்துத் தைத்து, மூங்கிற் கழியிற் கோத்து, தணலின்மேல் பல மணி நேரம் சுழற்றிச் சுடுவர். தோல் கண்ணாடிபோல் மொறுமொறுப்பாக வேண்டும், அதற்கே போட்டி. பதங்காஸ் மாகாணத்துப் பலாயான் ஊரில் ஜூன் 24-ஆம் நாள் அருளப்பர் திருநாளன்று, இந்த லெச்சோன்களுக்கு உடையணிவித்து ஊர்வலமே விடுகிறார்கள். டெல்லியில் இதற்கெல்லாம் வழியில்லை. நம் அண்டை வீட்டார் ஒரு பெரிய துண்டை அடுப்பில் வாட்டி மனநிறைவு கொண்டனர்.

பன்றி இறைச்சி பியூரினில் நடுத்தரமானது. 100 கிராமுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம். ஜப்பானிய மருத்துவர் இந்நோயாளருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்று வரம்பு கூறுவர். எனவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு பெருங்குற்றம் ஆகாது. குற்றம் அருகிலுள்ள கிண்ணத்தில் இருக்கிறது. லூசோன் தீவினர் லெச்சோனை, ஈரலை அரைத்துக் காடியும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பில் தோய்த்து உண்பர். ஈரலில் 100 கிராமுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை பியூரின் உண்டு. செபுத் தீவினரோ அக்குழம்பை ஏளனம் செய்வர். நன்றாகச் சுட்ட இறைச்சிக்கு உப்பும் காடியும் போதும், குழம்பு வேண்டுவது சமைக்கத் தெரியாதவனுக்கு என்பர். மாமனாருக்கும் மருமகனுக்கும் இதுபற்றி ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடக்கும். வழக்கின் சுவை எப்படியாயினும், மருத்துவம் செபுத் தீவின் பக்கம் நிற்கிறது.

கிண்ணம் என்றோம். பிலிப்பைன் உணவின் உட்பொருளே அதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. சமைப்பவர் சுவையை முடித்து வைப்பதில்லை. உண்பவர் ஒவ்வொருவரும், தம் எதிரே உள்ள சிறு கிண்ணங்களிற் காடி, மிளகாய், 'காலமான்சி' என்னும் சிற்றெலுமிச்சைச் சாறு, மீன்சாறு, இறால் விழுது முதலியவற்றுள் வேண்டியதைக் கலந்து தொட்டுக்கொள்வர். இதற்குச் 'சவ்சவான்' என்று பெயர். நம் இலையின் ஓரத்தில் ஊறுகாய் இருப்பதுபோல், ஆனால் அதைவிட அதிகாரம் மிக்கது. நோயாளருக்கு இவ்வழக்கம் ஒரு பெரும் வரம். ஏனெனில் இவ்விருந்தின் மிகக் கொடிய பியூரின் பல இடங்களிற் பாத்திரத்தில் இல்லை, கிண்ணத்தில் இருக்கிறது. கிண்ணத்தை ஒதுக்குவது வீட்டாரை அவமதிப்பதும் ஆகாது.

'கரே-கரே' இதற்குச் சிறந்த உதாரணம். வேர்க்கடலையையும் வறுத்த அரிசியையும் அரைத்துக் கெட்டியாக்கிய பொன்னிறக் குழம்பில், மாட்டு வாலும் குடலும், கத்தரிக்காயும், காராமணிக்காயும், வாழைப்பூவும் வேகும். குழம்பில் உப்பே இராது. உப்புக்காக அருகில் வைப்பது 'பகோஓங்': சிறு இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த செந்நிற விழுது. காய்ந்த சிற்றிறால், காய்ந்த நெத்திலி போன்றவற்றில் 100 கிராமுக்கு 700 மில்லிகிராமுக்கு மேலும் பியூரின் காணப்பட்டதுண்டு. தொட்டுக்கொள்வது சிறிதளவே எனினும், சோற்றோடு சேரச்சேர அதன் அளவு ஏறும். அதற்குப் பதிலாக உப்பும் காலமான்சியும் கலந்துகொண்டால், கத்தரியும் வாழைப்பூவும் கடலைக் குழம்பும் லோலோவுடையவை. ஒரு நுட்பம் மட்டும் சமைப்பவர் கையில் உள்ளது. பியூரின் நீரிற் கரையும். வாலை வேகவைத்த நீரிலேயே குழம்பு கூட்டினால், இறைச்சியை ஒதுக்கியும் பயன் குறைவு; அதிற் கணிசமான பங்கு குழம்பில் இறங்கியிருக்கும். இறைச்சியைத் தனியே வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரிற் குழம்பு கூட்ட வேண்டும். எலும்புச் சாறு உடம்புக்கு நல்லது என்று நோயாளிக்கு வார்த்துக் கொடுக்கும் அன்பான கைகள் உலகெங்கும் உண்டு. இந்நோயில் மட்டும் அந்த அன்பு வேண்டா.

கிண்ணத்தால் விலக்க முடியாத சில உண்டு. பன்றியின் இரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் காடி விட்டுச் சமைக்கும் 'டினுகுவான்' அவற்றுள் ஒன்று. அதற்குத் துணையாக வைப்பது வெண்ணிறப் புதோ. இட்லியின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்கது. புதோவை எடுத்துக்கொண்டு டினுகுவானை விட்டுவிட வேண்டியதுதான். இறால் தலையைப் பிழிந்தெடுத்த சாற்றைக் குழம்பாக ஊற்றும் 'பன்சித் பலாபோக்' என்னும் சேமியா வகையும் அத்தகையதே. ஆனால் பன்சித் இன்றி விழா இல்லை; நீண்ட இழை நீண்ட ஆயுளைத் தரும் என்பது சீனரிடமிருந்து வந்த நம்பிக்கை. அரிசிச் சேமியாவைக் கோசும் காரட்டும் பீன்சும் சேர்த்து வதக்கும் எளிய 'பன்சித் பிஹோன்' இருக்கிறது. அதில் சிறிது கோழியே தவிர ஈரல் வேண்டா எனச் சொல்லிவிட்டால், ஆயுள் நம்பிக்கையும் காப்பாற்றப்படும், காலும் காப்பாற்றப்படும்.

காய்கறியைப் பற்றி ஒரு தவறான அச்சம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. பாசிப்பயறு உண்டால் மூட்டு வலிக்கும் என்று பிலிப்பைன் நாட்டில் பலரும் நம்புகின்றனர். வெள்ளிக்கிழமைதோறும் முருங்கைக்கீரை சேர்த்துப் பயற்றங்குழம்பு வைக்கும் வழக்கம் உள்ள நாட்டில் இது பெரிய இழப்பு. 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 47,150 ஆடவரை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இறைச்சி மிகுதியாக உண்டோரிடமும், அதைவிடக் கடலுணவு மிகுதியாக உண்டோரிடமும் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பியூரின் உள்ள பயறு, கீரை முதலியவற்றை உண்டோரிடம் அவ்வாறு கூடுதல் இல்லை. பாலுணவு மிகுதியாக உண்டோரிடமோ நோய் குறைந்திருந்தது. சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாற்கட்டியொன்று கிறிஸ்துமஸ் மேசையில் தவறாது இருக்கும். அதுவரை கண்ணால் மட்டும் உண்டுவந்த லோலோ, அதனை வாயாலும் உண்ணலாம் என்று அறிந்தபோது முகம் மலர்ந்தது.

அதற்காகப் பியூரின் இல்லாத எல்லாம் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. இதுவே பலர் வழுக்கி விழும் இடம். சர்க்கரையில் பாதியாக உள்ள பழச்சர்க்கரை, ஈரலுக்குட் சென்று எரியும்போது யூரிக் அமிலத்தைப் பிறப்பிக்கும். பியூரின் அட்டவணையில் இனிப்புச் சோடா பானத்திற்கு எதிரே பூச்சியம் என்றே இருக்கும். ஆயினும் அதனை நாள்தோறும் பருகுவோருக்கு இந்நோய் மிகுதி. முட்டை மஞ்சட்கருவும் கெட்டிப்பாலும் சேர்த்து ஆவியில் வேகவைத்த 'லெச்சே பிளான்', ஊதா வள்ளிக்கிழங்கைப் பாலிற் கிளறிய 'உபே' அல்வா, இளநீர் வழுக்கையும் பழமும் கலந்த 'புகோ' சாலட் ஆகியன பியூரின் கணக்கில் தூயன. சர்க்கரைக் கணக்கில் அல்ல. விரல் தடிமன் ஒரு துண்டு போதும் என்றால், மூன்றையும் சுவைக்க இடம் கிடைக்கும். சைவ உணவினர்க்கு இந்நோய் வாராது என்று சிலர் இறுமாந்திருப்பதையும் நாம் கேட்டிருக்கிறோம். சோடாவும் பிறவிக் கூறும் சைவம் அசைவம் பார்ப்பதில்லை.

குடிவகையில் இரக்கத்துக்கு இடமில்லை. பீரில் பியூரினும் உண்டு, மதுவும் உண்டு; மது சிறுநீரகத்தின் வாயிலையும் அடைக்கும். 'துபா' என்னும் தென்னங்கள்ளும், அதனை வடித்த 'லம்பனோக்' சாராயமும் எங்கள் மரத்தில் விளைந்தவை, கெடுதல் செய்யா என்று லோலோ வாதாடினார். முதலாண்டு வலிக்கு முந்திய இரண்டு மாலையும் பழைய கப்பல் நண்பரோடு பீர் அருந்தியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். பட்டினி, பீர், இரவு நேரம் மூன்றும் சேர்ந்துவிட்டன. இந்நோய் நள்ளிரவுக்கும் காலை 8 மணிக்கும் இடையில் மிகுதியாகத் தாக்குவது கணக்கெடுத்து அறியப்பட்ட செய்தி. தூக்கத்தில் உடலில் நீர் வற்றுவதும் வெப்பம் தணிவதும் அதற்குக் காரணமாகலாம் என்பர். நள்ளிரவில் உண்டு உடனே உறங்கும் நாட்டினர்க்கு, விருந்தின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு குவளை தண்ணீர் என்பது எளிய காவல்.

ஒரு வாரம் கழித்துப் புத்தாண்டு விருந்து வரும். அன்றைக்கு உருண்டையான பழங்கள் பன்னிரண்டு வகை மேசையில் இருக்க வேண்டும். மாதத்திற்கு ஒன்று, காசுபோல் வட்டமாக. ஒட்டரிசிப் பலகாரமும் வேண்டும், செல்வம் ஒட்டிக்கொள்ள. கோழியை அன்று பலர் ஆக்கார். கிளறித் தின்னும் பறவை ஆதலின் ஆண்டு முழுதும் அன்றாடம் காய்ச்சியாக்கிவிடுமாம். மீனும் சிலர் வீட்டில் வாராது. சம்பிரதாயமே பத்தியம் ஆகிவிடும் இத்தகைய நாள் நோயாளருக்கு அரிது. பழத்தைச் சாறு பிழியாது துண்டாகவே உண்பது நலம்.

இவ்வளவு அறிந்தும், விருந்தாளியாகச் செல்லும் நோயாளர் வாய்திறந்து வேண்டா என்று சொல்வது எளிதன்று. பிலிப்பைன் ஊர்த் திருவிழாக்களில் வழியிற் செல்லும் அந்நியரையும் அழைத்து உண்பிப்பர். உண்ணும்போது எவர் எதிர்ப்பட்டாலும் 'காயின் தாயோ', வாருங்கள் உண்போம் என்பர். மறுப்பது முகத்தில் அறைவது போலாகும். ஆனால் அம்மொழியே ஒரு வழியும் வைத்திருக்கிறது. 'திகிம்' என்றால் சிறிது சுவைத்துப் பார்த்தல். 'திகிம் மட்டும்' என்று சொல்லி ஒரு சிறு துண்டு எடுத்துக்கொண்டால் வீட்டார் மகிழ்வர். மானம் இருபாலும் நிற்கும். அந்நாட்டு உணவைப் பற்றிச் சிறப்பாக எழுதிய டோரீன் பெர்னாண்டெஸ் அம்மையார், 1994-இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுதிக்கு இச்சொல்லையே பெயராக இட்டார். இதற்கு நேரான தமிழ் எது என்று நாம் நெடுநாள் எண்ணினோம். 'ருசி பார்த்தல்' என்பது கிட்ட வருகிறது. ஆயினும் அதில் சமையற்காரரின் சோதனை வாடை வீசுகிறது, விருந்தாளியின் பணிவு இல்லை.

மறு ஆண்டு லோலோ மருத்துவர் சொற்படி மாத்திரையை நாள் தவறாது உண்டு வந்திருந்தார். இதனையும் மறைக்காது சொல்ல வேண்டும்: உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் யூரிக் அமிலம் இறங்குவது பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவே. அடிக்கடி தாக்குண்டவர்க்கு அலோபூரினால் போன்ற மருந்தே துணை. குருதியில் 6 மில்லிகிராமுக்குக் கீழ் நிலைநிறுத்தினால், பழைய படிகங்களும் நாளடைவிற் கரையும். பண்டிகை நாளில் மருந்தை நிறுத்துவதும், உண்டதற்கு ஈடாக இரட்டிப்பாக விழுங்குவதும் தம் விருப்பப்படி செய்யத்தக்கன அல்ல. சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உடன் உள்ளவர், இங்குக் கூறிய உணவுகளையும் தம் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு நள்ளிரவில் முக்காலி சுவரோரம் சும்மா கிடந்தது. லோலோ மேசையின் தலைமாட்டில் அமர்ந்தார். உள்ளங்கையளவு வாட்டிய இறைச்சி, குழம்பின்றி, உப்பும் காடியும் தொட்டு. புது நீரிற் கூட்டிய கரே-கரேயில் வாழைப்பூவும் கத்தரியும். ஒரு பிடி பன்சித். அவருடைய தீவின் முறையில், ஒட்டரிசியை இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த 'புதோ மாயா', அதனோடு கெட்டிக் கோக்கோ. பாற்கட்டி இரண்டு வில்லை. டினுகுவான் தட்டு வந்தபோது கையை உயர்த்தி, முகர்ந்து பார்க்க மட்டும் அனுமதி கேட்டார். பேரக் குழந்தைகள் சிரித்தனர்.

மறுநாட் காலை மருமகன் எஞ்சிய இறைச்சியைப் 'பாக்சிவ்' செய்ய முனைந்தார். விருந்தின் மிச்சத்தைக் காடியிலும் அதே ஈரற்குழம்பிலும் கொதிக்கவைக்கும் பண்டம் அது. முதல்நாள் தப்பியவரை மறுநாள் பிடிக்கும் பொறி. லோலோ சமையலறை வாயிலில் நின்று, தமக்கு ஒரு பங்கைக் காடியும் பூண்டும் மிளகும் மட்டும் இட்டுத் தனிச் சட்டியில் வைக்குமாறு பணித்தார். மருமகன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு சட்டி ஏற்றினார். நமக்கு எந்தச் சட்டியிலிருந்து வேண்டும் என்று கேட்டனர். புட்டு போதும் என்றோம்.